இர்பானுக்கு எட்டு செகண்ட்

"ஹலோ... அப்பா? கேக்குதா? ... ஹவ், ஆமாப்பா, சுபாதான். மேட்ச் என்னாச்சு? ... ரெண்டுக்கு ரெண்டா! ஐயோ..."

மாதாப்பூர் ஆபீஸில் சிக்னல் சரியாகக் கிடைப்பது படிக்கட்டில்தான். டெஸ்டிங் வேலையை அப்படியே விட்டுவிட்டு சுபாஸ்ரீ அங்கே வந்து நின்றிருந்தாள். அப்பா ஜெயராம் திருமுல்கேரி மைதானத்தில் இருந்தார். குஷாய்குடா ஃபேக்டரி ஹாக்கி டீமுக்கு அவர்தான் மேனேஜர். இன்று அரையிறுதி.

"அப்ப ஷூட் அவுட்டா? ... அஞ்சு பேர் யார் யாரு? ... கிட்டு... ம்... தமிழ்ச்செல்வன்... ம்... லட்சுமணனா? அவன் டிஃபென்டர்ப்பா! தனியா ஓடிப்போய் கோலியை ஏமாத்தணும், அவனுக்கு ஓங்கி அடிக்க மட்டும்தான் தெரியும். இர்பான் எங்க? ... மஞ்சக் கார்டா? எப்போ? ... சரி. ... சரிப்பா, அம்பயருக்குக் கண்ணு தெரியல, ஒத்துக்கறேன். வீட்டுக்கு வந்து திட்டலாம். முதல்ல நான் சொல்றதக் கேளுங்க. மஞ்சக் கார்டு வாங்கினவன் ஷூட் அவுட்ல ஆடலாம்."

"... ஆடலாம்ப்பா! வெளிய உக்கார வேண்டிய நேரம் பாக்கி இருந்தாலும் ஆடலாம். சிவப்புக் கார்டுக்குத்தான் கிடையாது. ... ஹவ், அம்பயர் பரீட்சைல நான் ஃபெயில்தான். அத இப்ப எதுக்கு இழுக்கறீங்க? இந்தக் கேள்விலதான் ஃபெயிலானேன். தப்பா எழுதினதாலதான் மறக்கவே மாட்டேங்குது!"

சொன்னதும் அவளுக்கே சந்தேகம் வந்தது. திருத்தி வந்த தாளை மனசுக்குள் விரித்துப் பார்த்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு மட்டும்தான். சிவப்புதானே?

"நிச்சயமாத்தான் சொல்றேன். ... இர்பான் எவ்வளவு நாளா கான்ட்ராக்ட்லயே கெடக்கறான்! ஃபைனலுக்குப் போனா ஸ்போர்ட்ஸ் கோட்டால பர்மனென்ட்னு உங்க ஜி.எம். வாயாலதான சொன்னாரு? அவன பெஞ்சுல உக்கார வெச்சுட்டுத் தோக்கப் போறீங்களா? ... என்ன நம்ப வேணாம், டேபிள்ல உக்காந்திருக்கற அதிகாரிங்ககிட்ட கேளுங்க. பேரு குடுத்துட்டா அப்பறம் மாத்த முடியாது. ஓடுங்கப்பா! போன கட் பண்ணாம பாக்கெட்ல போட்டுக்கங்க."

சட்டைத்துணி உரசும் சத்தம் வந்தது. அப்பாவின் மூச்சிரைப்பும், தெலுங்கில் யாரோ அதட்டுவதும் மங்கலாகக் கேட்டன. படியேறி வந்த ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போனார்.

"... என்ன சொன்னாங்க? ... ஆடலாமா! ஹவ், ஹவ், சொன்னேன்ல! லட்சுமணனை எடுத்துட்டீங்களா? ... நல்லது. ... கோவிச்சுக்கட்டும்."

"... கிட்டு போட்டானா? சபாஷ்! ... அவங்களுமா. ... ம்... ம்... தமிழ்ச்செல்வன் வெளிய அடிச்சானா? சனியன்! ... இப்ப எவ்வளவு? ... அவங்க அஞ்சு பேரும் முடிஞ்சு நாலு. நமக்கு மூணு. ... கடைசி ஆளு இர்பானா. அப்ப அவன் போட்டாத்தான் உண்டு. ... அப்பா, அவன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. அவசரப்பட நக்கோ, வேணாம். எட்டு செகண்ட் இருக்கு, ஹூட்டர் ஊதறதுக்குள்ள போட்டாப் போதும். கோலி முதல்ல படுக்கட்டும், அப்பறம் அடிக்கச் சொல்லுங்க. ... சொல்லிட்டீங்களா?"

விசில் ஊதியது. சுபாஸ்ரீ போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஹூட்டர் அலறியது. அதற்குப் பிறகு, கோலுக்குள் இருக்கும் பலகையில் பந்து மோதும் சத்தம். டொம். உடனே கூட்டம் வெடித்தது.

"அப்பா? ... அப்பா! என்ன குடுத்தாங்க? ... கோல் இல்லையா. ... யாரு ப்ரொடெஸ்ட் பண்ணச் சொல்றாங்க? ... ஃபேக்டரி காலனி ஆளுங்க கத்தத்தான் செய்வாங்க. நீங்க என்ன பாத்தீங்க? ... என்னது? ... கண்ண மூடிக்கிட்டீங்களா! மேனேஜர் பண்ற வேலையாப்பா இது?"

"... நானா? ... ஹவ். கேட்டேன். போன் வழியா ரெண்டு சத்தமும் கேட்டுச்சு. ... இருங்க. யோசிக்க விடுங்க. ஹூட்டர் உங்க பக்கத்துல இருக்கு. கோல் பலகை தூரம். சத்தம் வந்து சேர நேரமாகும், அதனால..."

அவளுக்கு அந்தக் கணக்கை விட மனசில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் அது கோலாகிவிடும் போலிருந்தது.

"... இல்லப்பா. அவ்வளவு நேரமெல்லாம் ஆகாது. ஹூட்டர்தான் முதல்ல. ... நிச்சயமா. ... ப்ரொடெஸ்ட்ல கையெழுத்துப் போடாதீங்க."

"... யாரு? இர்பானா? ... போன அவன்கிட்ட குடுங்க. ... இர்பான், அழாத. ... ஹவ், அவசரப்படாதேன்னு நான்தான் சொல்லியனுப்பினேன். ... ஹவ், என்னாலதான். ... ஒரு செகண்ட் முன்னாடி அடிச்சிருந்தா கோல்தான், தெரியும். ... ... இல்ல, அது கோல் இல்ல. ... அப்பாகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமா? ... கையெழுத்துப் போட்டுருவாரு, நான் சொன்னா கண்ண மூடிக்கிட்டுப் போட்டுருவாரு. அதான் சொல்ல மாட்டேன். ... இர்பான், இங்க பாரு... இர்பான்? ... ஹலோ? ... ஹலோ?"