முப்பதாவது வீடு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கொள்ளிடத்துக்கு யாரும் அணை கட்டி மூக்கணாங்கயிறு போடாத காலத்துல, ஆத்துக்கு நடுவுல ஒரு ஊர் இருந்துச்சாம். பேரு நாணல்திட்டு. எண்ணி முப்பது வீடு. ஒரே தெரு. ஆமா டீச்சரம்மா, நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, இதே தெருதான். வந்த அன்னைக்கே கேட்டீங்க, ஏன் ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையிலயும் ஒரு எழுத்து சுண்ணாம்புல போட்டிருக்குன்னு. கேட்டுட்டீங்க, இனிமே பாதியில எழுந்திரிக்கக் கூடாது.

அந்த ஊர்ல செம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நாணல் அறுத்துப் பொழைக்கிறவ. அவளுக்கு ஒரே பொண்ணு, ஏழு வயசு, பேரு பூங்காவனம். புருஷன் மூக்கன் ஆத்தோட போயிட்டான்.

எப்படிப் போனான்? கேளுங்க. நடு ஆத்து மணல்மேட்டுல ஏழு பேரு நாணல் அறுத்துக்கிட்டு இருந்தாங்களாம். மேல எங்கேயோ மழை, சொல்லாம கொள்ளாம வெள்ளம். பரிசல்காரன் கலியன் போனான். பரிசல்ல ஆறு பேருக்குத்தான் எடம். "நீங்க ஏறுங்கப்பா, நான் அடுத்த நடைக்கு வாரேன்"னு மூக்கன் நின்னுட்டான். ஆறு பேரைக் கரையில எறக்கின கலியன், திரும்பிப் போறதுக்குள்ள மணல்மேடே இல்ல, அங்க ஒரு சுழிதான் சுத்துது. அவ்வளவுதான்.

கலியன் உடனே போகல, கரையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டான்னு பாத்தவங்க சொன்னாங்க. செம்பாயி காதுல அது விழுந்துச்சு. அன்னையிலேருந்து அந்த வீட்டோட தண்ணி புழங்கல, தீ புழங்கல. அதுவரைக்கும் "அண்ணே, அண்ணே"ன்னு கூப்பிட்ட வாய் அப்படியே தச்சுக்கிச்சு. பூங்காவனமும் அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. சாமிமேல சத்தியம்.

இது இப்படி இருக்க, ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்துச்சாம். ஒரு கீத்துக் கொட்டகை, பத்துப் புள்ளைங்க, அக்கரையிலேருந்து தெனம் பரிசல்ல வர்ற ஞானமுத்து வாத்தியார். கொட்டகை போட்டு நாலு மாசம் ஆகல, ஐப்பசி வெள்ளம் வந்து அதை வாரிக்கிட்டுப் போயிடுச்சு. போகும்போது ஒரு தூணைத் தள்ளி வாத்தியார் காலையும் முறிச்சிடுச்சு. அவரைக் கட்டில்ல வச்சு அக்கரைக்குக் கொண்டு போனாங்க. போகும்போது அவர் சொல்லிட்டுப் போன சேதிதான் ஊர் தலையில இடியா விழுந்துச்சு.

"கார்த்திகை இருபதாம் தேதி இன்ஸ்பெக்டர் ஐயா வருவாரு. எழுத்து முப்பதையும் காட்டினா காட்டின எடத்துல புள்ளைங்க சொல்லணும். சொல்லலேன்னா பள்ளிக்கூடம் இந்த ஊருக்கு இல்ல. அக்கரையில வச்சுடுவாங்க."

ஊர்ல மத்தவங்க, "போனாப் போவுது, அக்கரைக்கு அனுப்பிக்கிட்டாப் போச்சு"ன்னாங்களாம். செம்பாயி ஒத்துக்கல. அக்கரைன்னா பரிசல். பரிசல்னா ஆறு. "புருஷனைக் குடுத்தேன், போதும். எம்புள்ளைய அந்த ஆத்துல தெனம் ஏத்தி எறக்க மாட்டேன். பள்ளிக்கூடம் இங்கதான் இருக்கணும்." இருந்தா எம்புள்ள படிக்கும், போனா எம்புள்ள நாணல் அறுக்கும், அம்புட்டுதான்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

ஆனா சொல்லிக் குடுக்க யாரு இருக்கா? முப்பது வீட்டுலயும் ஒருத்தருக்கும் எழுத்துத் தெரியாது. ஊரே கட்டைவிரல் ஊரு.

ரெண்டு நாள் சோறு எறங்கலையாம். மூணாம் நாள் காலையில கொசுவத்தை இழுத்துச் சொருகிக்கிட்டுத் துறைக்குப் போனா. பரிசல் கெடந்துச்சு. பக்கத்துல கலியன். ஊர்ல வேற பரிசலும் இல்ல, வேற கலியனும் இல்ல. அவன் மூஞ்சியப் பாக்கல. ஏறினா, உக்காந்தா, பேசல. கலியன் துடுப்பைப் போட்டான். மூக்கன் போன சுழி வந்தப்ப கண்ண இறுக்க மூடிக்கிட்டா.

வாத்தியார் கட்டில்ல படுத்திருந்தாரு. "ஐயா, எனக்கு முப்பதும் வேணாம். என் மண்டைக்கு ஒண்ணுதான் நிக்கும். இன்னைக்கி ஒண்ணு குடுங்க. நாளைக்கு வந்து இன்னொண்ணு வாங்கிக்கிறேன்."

வாத்தியார் சிரிச்சாராம். "ஒண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்வ செம்பாயி?"

"ஒரு வீட்டுல வைப்பேன். எழுத்து முப்பதுன்னீங்க. எங்க ஊர்லயும் வீடு முப்பது. ஒரு வீட்டுக்கு ஒரு எழுத்தைக் காப்பாத்தத் தெரியாதா?"

வாத்தியார் விரல் விட்டு எண்ணிப் பாத்தாராம். இருபதாம் தேதிக்கு இன்னும் முப்பது நாள் இருந்துச்சு. சரியா முப்பதே நாள்.

மொத நாள் 'அ' வாங்கிக்கிட்டு வந்தா. வழியெல்லாம் உள்ளங்கையில விரலால எழுதி எழுதிப் பாத்துக்கிட்டே வந்தாளாம். தெரு வடகோடியில அவ வீடு. வெத்தலப்பெட்டிச் சுண்ணாம்பைத் தொட்டு நிலையில எழுதினா. மறுநாள் 'ஆ', பக்கத்து வீட்டுல. "இந்தாடி, இது உன் எழுத்து. புள்ளைங்க வந்து கேக்கும். சோத்துக் கை கழுவலேன்னாலும் பரவால்ல, எழுத்தைச் சொல்லு." ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, ஒரு வீட்டுக்கு ஒரு எழுத்து.

தெனமும் சாயங்காலம் பத்துப் புள்ளைங்களும் தெருவுல எறங்கிடும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, "எழுத்துப் போடுங்க தாயே!"ன்னு பிச்சை கேக்குற மாதிரி கூவும். மாவரைக்கிறவ மாவுக் கையோட வந்து எழுதிக் காட்டுவா. சண்டைக்காரக் கெழவன் ஒருத்தன் இருந்தானாம், அவன் வீட்டுக்கு 'ங' வந்துச்சு. "ஊர்ல இருக்குற எழுத்துலயே உருப்படாத எழுத்தை என் தலையில கட்டிட்டாளே"ன்னு மூணு நாள் பொலம்பினானாம். ஆனா அவன் வீட்டு எழுத்தைத் தப்பாச் சொன்னா மட்டும் தடிய எடுத்துக்கிட்டு வந்துடுவான். மூணு புள்ளி ஆய்த எழுத்தை என்ன செய்யிறதுன்னு கேட்டதுக்கு, "அதான் எல்லா வீட்டு அடுப்புலயும் மூணு கல்லா இருக்கே"ன்னுட்டா செம்பாயி.

ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. தெனமும் போனா. தெனமும் வந்தா. ஏறினா, உக்காந்தா, பேசல. இருபத்தொம்பது நாள். இருபத்தொம்பது எழுத்து. இருபத்தொம்பது வீடு.

முப்பதாவது வீடு யாரோடது? தெரு தென்கோடி, துறைய ஒட்டின வீடு. கலியன் வீடு.

கடைசி நாள், கார்த்திகை பத்தொம்பது. வாத்தியார் மணல்பலகையில கடைசி எழுத்தை எழுதிக் காட்டினாரு. 'ன'. "இத்தோட முடிஞ்சுது செம்பாயி. இது எந்த வீட்டுக்கு?"

வாசல்ல துடுப்போட நின்ன கலியன் நிமிந்து பாத்தானாம். செம்பாயி வெடுக்குன்னு சொன்னா: "இது எந்த வீட்டுக்கும் இல்ல. நானே வச்சுக்குறேன்."

ஒரு வீட்டுக்கு ஒரு எழுத்துன்னு சொன்னவ அவ. அந்தச் சொல்லை மொதல்ல மீறினவளும் அவதான். வீம்பு இருக்கே, அது கண்ணு தெரியாத மாடு. வரப்புல போகாது, வயல்லதான் எறங்கும்.

திரும்பி வரும்போது நடு ஆத்துல பரிசல் சுத்த ஆரம்பிச்சுது. அதே சுழி. தண்ணி விளிம்பு தாண்டி உள்ள வந்துச்சு. செம்பாயி ரெண்டு கையாலயும் விளிம்பைப் புடிச்சுக்கிட்டா. "ஆத்தா, எம்புள்ள, எம்புள்ள"ன்னு வாய் அனத்துது. கலியன் நரம்பு பொடைக்கத் துடுப்பை ஊணி ஊணி, எப்படியோ வெளிய கொண்டு வந்துட்டான்.

கரையில எறங்கினா. உள்ளங்கையில விரலை வச்சா. விரல் நகரல. எழுத்து இல்ல! சுழி அதை உறிஞ்சிட்டுப் போயிடுச்சு. வளைச்சுப் பாத்தா, சுழிச்சுப் பாத்தா, காலை இழுத்துப் பாத்தா. எல்லாமே எழுத்து மாதிரி இருக்கு, எதுவும் அந்த எழுத்து இல்ல. மறுபடி அக்கரைக்குப் போகலாம்னா ஆறு பொங்கி நிக்குது. பொழுது விழுந்தாச்சு. விடிஞ்சா இன்ஸ்பெக்டர்.

அந்த எழுத்தைப் பாத்தவன் ஊர்ல இன்னும் ஒருத்தன்தான்.

விளக்கு வைக்கிற நேரம். செம்பாயி தெருவுல தெக்க நடந்தாளாம். மூணு வருஷமா அவ கால் மிதிக்காத வாசலுக்கு. தெருவே வாசல்ல வந்து நின்னு பாத்துச்சு. கலியன் வீட்டு வாசல்ல போய் நின்னா. நிமிந்து பாத்தா, நிலையில பளிச்சுன்னு ஈரம் காயாம எழுத்து. 'ன'.

கலியன் உள்ளேருந்து வந்தான். அவன் பொண்டாட்டி பட்டம்மா கதவு மறைவுல நின்னுக்கிட்டா.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னா செம்பாயி. அண்ணேன்னு சொல்லல.

"வாத்தியார் எழுதறப்ப பாத்தேன். மிச்சம் இருந்தது எங்க வீடு ஒண்ணுதானே. நீ குடுக்க மாட்டேன்னுட்ட. எங்களுக்கு வந்ததுன்னு நானா எடுத்துக்கிட்டேன், செம்பாயி." அவன் ஒரு படி கீழ எறங்கினான். "அன்னைக்கு நான் கரையில உக்காந்தது நெசம். பயந்துட்டேன். கை கால் விழுந்துடுச்சு. பயம் தெளிஞ்சு போனேன், அவன் இல்ல. இதை உங்கிட்ட சொல்ல முப்பது நாளா வாய் எடுத்தேன், வரல."

செம்பாயிக்குக் கண்ணு ரெண்டும் கொட்டுது, மொகம் மட்டும் அசையல.

"அதை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். எழுத்தைக் குடு."

"நான் எப்படிக் குடுப்பேன்? நீ போட்ட சட்டம்தானே? எழுத்து வீட்டுல இருக்கும், புள்ள வாசலுக்கு வரும். அனுப்பு."

செம்பாயி திரும்பிப் பாத்தா. பத்துப் புள்ளைங்களும் தெருவுல நின்னுச்சு. மத்தது ஒம்பதும் ஓடிடுச்சு வாசலுக்கு. பூங்காவனம் மட்டும் அம்மா மூஞ்சியவே பாத்துக்கிட்டு அசையாம நிக்குது. சத்தியம் இருக்கே!

செம்பாயி போனா. மகள் கையப் புடிச்சா. தானே கூட்டிக்கிட்டு வந்து அந்த வாசப்படியில ஏத்தினா. "கேளுடி."

"எழுத்துப் போடுங்க தாயே"ன்னு பூங்காவனம் ஈனக்கொரல்ல கேட்டுச்சு. பட்டம்மா கதவு மறைவை விட்டு வெளிய வந்து, புள்ள விரலைப் புடிச்சு நிலையில வச்சு இழுத்தா. அழுதுக்கிட்டே இழுத்தாளாம்.

விடிஞ்சுது. வெள்ளம் கொஞ்சம் வடிஞ்சிருந்துச்சு. கலியனே போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தான். தலப்பாவும் கோட்டும், கையில ஒரு நோட்டு. ஆத்தைப் பாத்தே பாதி உசுரு போன மனுஷன், சிடுசிடுன்னு வந்து இலுப்பை மரத்தடியில உக்காந்தாரு. கரும்பலகையில ஒரு எழுத்தைப் போட்டு, முன்னாடி இருந்த புள்ளையப் பாத்து, "இது என்ன?"ன்னாரு.

"எங்க சித்தப்பா வீடுங்க."

"என்ன?" அடுத்த எழுத்தைப் போட்டாரு. "இது?"

"ஆட்டுக்காரர் வீடு."

"இது?"

"சண்டைக்காரத் தாத்தா வீடு!"

செம்பாயி செஞ்ச தப்பு அப்பத்தான் அவளுக்கே வெளங்குச்சு. புள்ளைங்க எழுத்தைப் படிக்கல, தெருவைப் படிச்சிருக்கு! இன்ஸ்பெக்டர் நோட்டைப் பொத்துன்னு மூடினாரு. "ஒரு எழுத்துத் தெரியல. வீட்டைச் சொல்லுதுங்க. போதும், பரிசலை எடு."

அந்தக் காலத்துல அதிகாரி முன்னால பொம்பள வாயத் தெறக்குறதாவது! செம்பாயி முன்னால வந்து நின்னா. "ஐயா, புள்ளைங்க பொய் சொல்லலீங்க. பலகைய எடுத்துக்கிட்டுத் தெருவுல வாங்க. முப்பது வீடுதான். அதுக்கப்புறமும் தெரியலேன்னா எழுதிக்கிட்டுப் போங்க."

என்ன நெனச்சாரோ, எழுந்திரிச்சாரு. வடகோடியிலேருந்து தொடங்கினாங்க. நிலையில 'அ'. "இதுவும் ஒரு வீடுதானே? இந்த வீடு என்ன சொல்லும்?"ன்னாரு. பத்துப் புள்ளையும் ஒரே கொரல்ல 'அ'ன்னுச்சு. அடுத்த வாசல், 'ஆ'. இன்ஸ்பெக்டர் நடை வேகமாச்சு. பாதித் தெருவுல நின்னு, நிலையப் பாக்காம பலகையில மாத்தி மாத்தி எழுதிக் காட்டினாரு. இப்பப் புள்ளைங்களுக்கு அவரு கேக்குறது என்னன்னு புரிஞ்சு போச்சு. டக்கு டக்குன்னு எழுத்து வருது. சண்டைக்காரக் கெழவன் தடியோட வந்து, "என் எழுத்தைக் கேட்டீங்களா?"ன்னு அதிகாரியவே மறிச்சானாம்.

தென்கோடிக்கு வந்தாச்சு. வாசல்ல கலியன் துடுப்போட நின்னான். இன்ஸ்பெக்டர் பூங்காவனத்தைக் கூப்பிட்டாரு.

"இது யார் வீடு?"

புள்ள அம்மாவைப் பாக்கல.

"எங்க கலிய மாமா வீடு."

"என்ன சொல்லும்?"

"ன!"

கலியன் துடுப்பைக் கீழ போட்டுட்டு மொகத்தைத் துண்டால மூடிக்கிட்டானாம்.

பள்ளிக்கூடம் இங்கேயே நின்னுச்சு. நீங்க சம்பளம் வாங்குற பள்ளிக்கூடம் அதுதான், டீச்சரம்மா. செம்பாயி அதுக்கப்புறம் கலியன்கிட்ட பேசினாளான்னு கேப்பீங்க. பேசல. சாகுற வரைக்கும் பேசல. ஆனா அவன் வீட்டு நிலையில மழைக்கு எழுத்து அழிஞ்சா, சுண்ணாம்பு எடுத்துக்கிட்டு அவதான் போவாளாம்.

அன்னையிலேருந்து இந்த ஊர்ல ஒரு வழக்கம். கார்த்திகை இருபதுல நிலையெல்லாம் புதுசா எழுதுவோம். புள்ளைய மொதமொதலா எழுத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறது கோயிலுக்கு இல்ல. எந்த வீட்டோட நமக்குப் பேச்சுவார்த்தை இல்லையோ, அந்த வீட்டு வாசலுக்கு. பேச்சை விட்டவங்களே கையப் புடிச்சுப் படியேத்தணும். எழுத்துக்கு வந்த புள்ளைக்கு எந்த வீடும் கதவடைக்கக் கூடாது.

நாளைக்கு இருபது. என் பேரன் இந்த வருஷம் உங்க ஒண்ணாங்கிளாஸ். எதிர்த்த வீடு என் தம்பி வீடு, பதினோரு வருஷமா பேச்சில்ல. அவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். காலையில வெள்ளனமா குளிக்கணும், போகணும், வேற வழி? அங்க பாருங்க, சாயங்காலத்துலேருந்து அவன் வாசல்ல உக்காந்து சுண்ணாம்பு கொழைச்சுக்கிட்டு இருக்கான்.