மூன்றாவது அழைப்பு

இந்த ஸ்டேஷன் நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது. அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறீர்கள். இரண்டு நாள் தாங்கும், பிறகு யாராவது கனமானவர் உட்காரும்போது கவிழ்த்துவிடும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள் சார். முப்பத்தொரு வருடம் கயிறு ஆலையில் தரம் பார்த்தவன் நான். கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. அங்கே எனக்குப் பெயரே ‘சந்தேகம்’தான்.

தரம் பார்ப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது எளிதாகப் புரியும். நூறு சுருள் கயிறு முடிந்ததும் மூன்றை உருவி எடுப்போம். ஒவ்வொன்றிலும் எடையை ஏற்றிக்கொண்டே போவோம், அறுகிற வரைக்கும். மூன்றும் சொன்ன எடையைத் தாங்கிவிட்டுத்தான் அறுந்தன என்றால் மீதி தொண்ணூற்றேழும் வெளியே போகலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு நம்பினால் அது குருட்டு நம்பிக்கை. இரண்டு தற்செயலாக இருக்கலாம். மூன்று சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்தோடு போன கயிறு அறுந்து சாரத்திலிருந்து ஒருவர்கூட விழுந்ததில்லை. அறுத்துப் போட்ட மூன்றுக்காக யாரும் அழுததும் இல்லை.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். கோபத்தில் செய்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு புயல் வந்தது. வீடிழந்தவர்களுக்கு என்று என் மனைவி நாற்பது போர்வை தைத்தாள். விரல் வீங்கி, சாப்பாட்டைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் நீல நூலால் சின்னதாக ஒரு பூ. பெரிய பேனர் கட்டிய வேனில் ஒருவன் வந்து, கும்பிட்டு, கண்கலங்கி, வாங்கிக்கொண்டு போனான். இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் போர்வை விற்கும் கடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். மூலையைப் புரட்டினேன். நீலப் பூ. அன்று மூண்ட கோபம் இன்னும் அணையவில்லை சார். அந்த வேன்காரனை இந்த நாற்காலியில் உட்கார வைத்தீர்களா? இல்லை. நான் மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் பட்டியல் போட ஆரம்பித்தேன். எங்கே வெள்ளம் வந்தாலும், எங்கே நிலம் சரிந்தாலும், உதவி கேட்கிற அமைப்புகளை எல்லாம் எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் சோதிப்பேன். பதிவு எண் இருக்கிறதா, சொன்ன முகவரியில் ஆள் இருக்கிறார்களா, கொடுத்த பொருள் யார் கைக்குப் போனது என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்களா. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். என் தம்பி மகன் அதற்குப் ‘பெரியப்பா பட்டியல்’ என்று பெயர் வைத்துப் போனில் பரப்பிவிட்டான். முகம் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிடுவார்கள். “அண்ணே, யாருகிட்ட குடுத்தா போய்ச் சேரும்?” என்பார்கள். பொறுப்பு ஏறிக்கொண்டே போனது.

இந்த வருடம் ஆறு உடைத்துக்கொண்டு வந்ததே, அப்போது பதினான்கு அமைப்புகள் கையேந்தின. காகிதத்தை வைத்துப் பதினொன்றைக் கழித்துவிட்டேன். மீதி மூன்று. காகிதம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எடை ஏற்றிப் பார்க்க வேண்டாமா?

எங்கள் குடியிருப்பில் தரைத்தளம் முழுகியிருந்தது. நாங்கள் மூன்றாவது மாடி. எதிர்வரிசையில் எல்லாம் தனி வீடுகள், ஆட்கள் முன்பே வெளியேறிவிட்டார்கள். பால்கனியில் நின்றால் தெரு முழுக்கத் தெரியும். காலையில் மூன்று அமைப்புக்கும் போன் செய்தேன். எதிர்வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லி, உள்ளே மாட்டிக்கொண்டோம், காப்பாற்றுங்கள் என்றேன். முதல் அமைப்பில் இசை கேட்டது, அதோடு சரி. இரண்டாவதில் குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். இன்னமும் குறித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூன்றாவது, தையல்கார அக்காவின் குழு. தையல் கடை மாடியில் ஒரே அறை. அவரும், பெயின்ட் அடிக்கப் போகிற அவர் தம்பியும், இரவல் வாங்கிய ஒரு படகும். இருபத்திரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். தம்பி சுவரேறிக் கூரையில் நின்று குரல் கொடுத்தார், ஜன்னல் வழியாக உள்ளே போய்த் தேடினார். நான் நேரத்தைக் குறித்தேன். படகில் மிதவை உடுப்பு இல்லை, அதையும் குறித்தேன்.

மத்தியானம் என் மனைவியின் போனிலிருந்து, தெருக்கோடி வீட்டில் மாட்டிக்கொண்டோம் என்று அவர்களை மறுபடி கூப்பிட்டேன். முப்பத்தொரு நிமிடம். தம்பியின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

“ரெண்டு தடவ வந்துட்டாங்களேங்க. போதுங்க. பாவம்ங்க அவங்க” என்றாள் மனைவி.

“மூணு” என்றேன்.

“அவங்க என்ன கயிறா?”

அவளுடைய போர்வைக்காகத்தானே இவ்வளவும், அதை அவள் மறந்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது.

நாலு மணிக்கு, குடியிருப்புக் காவலாளியின் போனை வாங்கினேன். அக்காவே எடுத்தார். எதிர்வரிசையில் இன்னொரு வீட்டைச் சொன்னேன்.

“அந்தத் தெருவுக்கு ரெண்டு தடவ வந்தோமேப்பா. யாரையும் காணோமே” என்றார். சந்தேகம் வந்தும் போனை வைக்கவில்லை பாருங்கள். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

“எங்ககிட்ட இருக்கறது ஒரே படகு. செங்கல் சூளை பக்கம் ஒரு டீச்சரும் ரெண்டு பிள்ளைங்களும் ஓட்டு மேல உக்காந்திருக்காங்க. ஓடு சரியுதாம். உங்க வீட்டுல எத்தனை பேரு? கொஞ்சம் தாங்குவீங்களா?”

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கு அந்த டீச்சரைத் தெரியாது. பிள்ளைகளைத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மூன்றாவது துண்டில் எடையைக் குறைக்கக் கூடாது.

“கைக்குழந்தை இருக்கு. தண்ணி தொட்டில் வரைக்கும் வந்திடுச்சு” என்றேன்.

“கைக்குழந்தையாம்டா” என்று அவர் தம்பியிடம் சொன்னது கேட்டது. பிறகு, “சரிப்பா. உங்ககிட்ட முதல்ல வர்றோம். பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சுக்கோ” என்றார்.

நாற்பது நிமிடம். அன்று தண்ணீர் இழுத்த இழுப்புக்கு அது நல்ல நேரம். தம்பி ஜன்னல் வழியாக உள்ளே முங்கினார். மேலே வந்து மூச்சு வாங்கினார், மறுபடி முங்கினார். ஒன்பது தடவை. “பிள்ள எங்க? ஏதாவது சத்தம் போடுங்க!” என்று அக்கா படகிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஒரு தடவை எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு தம்பி வெளியே வந்தார். அக்கா இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். அது தலையணை. அதைப் பார்த்த பிறகும் தம்பி உள்ளே போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினார்கள். இருட்டப் போகிறது என்று அக்கா அவரை இழுத்துப் படகில் போட்டுக்கொண்டு சூளைப் பக்கம் திருப்பினார்.

சூளையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தை என் பக்கம் தள்ளாதீர்கள். முதல் தடவையே பார்த்துவிட்டேன்.

“எதிர்ல படகு நிக்குதுய்யா. பொய் சொன்னேன், கிளம்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?” என்று நேற்று மேசையைத் தட்டினீர்கள். சோதிக்கிறவன் சோதனைக்கு நடுவில் பேசக் கூடாது சார். பேசினால் அதற்குப் பெயர் சோதனை இல்லை.

உங்களிடம் வந்து சொன்னது என் மனைவிதான் என்று தெரியும். ஒன்றை மட்டும் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கு என் மானம் பெரிது. அதையும் நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தலையணையைப் பார்த்ததும் அவள் “இங்க யாரும் இல்லீங்க, போயிடுங்க” என்று கத்தப் பால்கனிக்கு ஓடினாள். நான் அவளை உள்ளே தள்ளி, கதவைத் தாழிட்டு, அதில் முதுகைக் கொடுத்து நின்றேன். அவள் உள்ளிருந்து கதவை அடித்துக்கொண்டே இருந்தாள். மழைச் சத்தத்தில் தெருவுக்குக் கேட்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே பட்டியலை வெளியிட்டேன். தையல்கார அக்காவின் குழுவுக்கு முதலிடம், பத்துக்குப் பத்து. இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஊரெல்லாம் கொடுக்கத் துடிக்கிறார்கள். ஆனால் அந்த மாடி அறை பூட்டிக் கிடக்கிறது. தம்பி யாரோடும் பேசுவதில்லையாம். அக்கா போனையே எடுப்பதில்லை. நானே மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

அதனால் ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.