கேட்பதற்கு ஓர் ஆள்

இல்லை சார், அறையில் மின்விசிறி நன்றாகத்தான் ஓடியது. காற்றில்லை என்று யாரும் குறை சொன்னதில்லை. அத்தானை அலமாரிக்கு மாற்றியபோதுகூட அதன் கதவில் துளை போட்டுக் கொடுத்தேன்.

நிகழ்தகவுத் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருக்கிறேன். இந்த முறையும் போனால் பல்கலைக்கழகத்தில் என் பெயரை அடித்துவிடுவார்கள். எப்படிப் படிப்பது என்று பேராசிரியரிடம் கேட்டேன். படித்ததை ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடு, அவருக்குப் புரிந்தால் உனக்கும் புரிந்த மாதிரி என்றார். வகுப்புத் தோழர்களைக் கூப்பிட்டேன். ஒருவனுக்கு வயிற்றுவலி, இன்னொருவனுக்கு அவசரமாகக் குளிக்க வேண்டியிருந்தது. கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தேன். அது எதற்கும் தலையாட்டியது.

அப்போதுதான் அக்காவின் கணவர் என் வாடகை அறைக்குத் திரைச்சீலை மாட்ட வந்தார். அவருக்கு அதுதான் வியாபாரம். நாணயத்தைச் சுண்டினால் தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன்.

"அது அவனவன் அதிர்ஷ்டம் மச்சான்" என்றார்.

இப்படி ஓர் ஆள் மறுபடி கிடைக்கமாட்டார் என்று தோன்றியது. கதவைப் பூட்டி, அவர் கொண்டுவந்த திரைக்கயிற்றாலேயே காலைக் கட்டிலோடு கட்டினேன். கொஞ்சம் தளர்வாகத்தான். முதலில் கத்தினார், அப்புறம் கெஞ்சினார், அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தார். ஒருநாள் அவராகவே, "நான் வீட்டுக்குப் போறதுக்கு நிகழ்தகவு எவ்வளவு மச்சான்?" என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்ந்தே போட்டுப் பார்த்தோம். பூஜ்யம் வந்தது.

ஆனால் புரிந்துவிட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அக்காவுக்கு ஃபோன் செய்து, உன் வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போ என்றேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் காய்ச்சல் வரும். வந்தவளையும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினேன்.

"டேய், வெளியில விட்டுட்டுச் சொல்லுடா, கேக்கறேன்" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் வெளியில் விட்டால் யாரும் கேட்பதில்லை, அது என் அனுபவம். அவளுக்குப் பாடம் நடக்கும்போது அத்தான் விடையை முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அதனால்தான் வாயில் டேப்பும் அலமாரியும். அடைத்து வைத்தேன் என்று எழுதவேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். இருவரையும் நான்தான் அடைத்து வைத்தேன். மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று அக்கா எல்லாக் கணக்கையும் தப்பில்லாமல் போட்டுவிட்டாள். இன்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லி நீங்கள் கதவை உடைத்தீர்கள். நேற்றுத்தான் எனக்கு அதிக வருத்தம்.

நாளைக் காலை தேர்வு. கடைசிப் பாடம் அப்படியே கிடக்கிறது. அவர்கள் இருவரையும் நீங்கள் அனுப்பிவிட்டதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இனி அவர்களால் பிரயோசனமும் இல்லை. சற்றுமுன் இந்த வாக்குமூலத் தாள்களுக்குப் பக்க எண் போடும்போது ஆறுக்கு அடுத்து எட்டு என்று போட்டீர்கள். குறை சொல்லவில்லை. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

"சார், அந்தக் கதவை மட்டும் உள்ள தாழ் போட்டுட்டு வந்து உட்காருங்களேன்."