இரண்டு இழுப்பு

மத்தியானம் ஒன்றரை மணி... ஆமாம், மத்தியானம்தான். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்துப் போர்வைக்குள் ஒளிந்திருப்பவர்கள் முகத்தை வெளியே எடுக்கலாம். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பின்னால் போகிற மண் ரோடு. லாரிகள் ஓய்ந்து வெகுநாளாகிறது. ஈ காக்கை இல்லை. அங்கே ஒரு ஜீப் வந்து நின்றது.

வந்தவர் நம் வெல்டருடைய பெரியப்பா. வெல்டர் இதோ மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறான். கதை எங்கேயாவது தடம் மாறினால் அவனே திருத்தட்டும்.

பெரியப்பா சுற்றுச்சூழல் இன்ஸ்பெக்டர். நிலக்கரி எடுத்து முடித்த இடத்தில் மேல்மண் பரப்பி, மரக்கன்று நட்டு, நிலம் பழையபடி ஆகிவிட்டது என்று கம்பெனி சொல்லும். நிஜமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது இவர். பார்ப்பாரோ இல்லையோ, கையெழுத்தை அழகாகப் போடுவார். ஜீப்பை விட்டு இறங்காமலே போன மாசத்து அளவை இந்த மாசக் கட்டத்தில் எழுதிவிடுவார். அந்த ஆபீசில் அதற்கு 'ஜன்னல் அளவு' என்று பேரே உண்டு.

அதுதான் வினையாயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு அடைமழை. தோண்டிக் கொட்டிய மண்மேட்டின் விளிம்பில் முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். அவை நகர்ந்திருந்தால் மேடு சரியப்போகிறது என்று அர்த்தம்; நடந்து போய் அளக்க வேண்டும். சேற்றில் யார் இறங்குவது? 'நகரவில்லை' என்று எழுதிவிட்டார். இரண்டாம் நாள் மேடு மொத்தமாகச் சரிந்தது. அடியில் டீசல் பம்ப் ஓட்டிக்கொண்டிருந்தவர் பெரியப்பாவின் தங்கை புருஷன்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? ஷிப்ட் முடிந்ததும் ஆள் எங்கேயோ ஓடிவிட்டான் என்றது. வேலைக்கு இறங்கும்போது பலகையிலிருந்து ஆளுக்கொரு பித்தளை டோக்கன் எடுத்துப் போவார்கள். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார்கள். நாற்பத்தேழாம் ஆணி காலியாகவே இருந்தது. டோக்கனையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்றார்கள். பெரியப்பாவுக்கு உண்மை தெரியும். சொன்னால் தோண்டுவார்கள். தோண்டினால் முளைக்குச்சி விஷயமும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டார்.

தங்கை அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். அவர் ஆபீசிலிருந்து திரும்பியதும் தினம் ஒரே கேள்வி.

"ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?"

"இல்லம்மா."

அந்த மேட்டுக்குத்தான் அன்றைக்குக் கடைசி ஆய்வு. இவர் கையெழுத்துப் போட்டால் ஃபைல் முடிந்தது. அப்புறம் அங்கே யாரும் மண்வெட்டி வைக்கமாட்டார்கள்.

ஏனோ அன்றைக்கு மட்டும் பெரியப்பா ஜீப்பை விட்டு இறங்கினார். "வெயில் கொளுத்துது சார், இங்கேயே எழுதிடுங்களேன்" என்றார் டிரைவர். கேட்கவில்லை. தனியாக நடந்தார். வரிசை வரிசையாக மரக்கன்றுகள்... எல்லாம் காய்ந்த குச்சி. காலுக்கடியில் மண் வெதுவெதுவென்று இருந்தது. அழுகிய முட்டை வாசனை... அதோடு டீசல் வாசனை. சுற்றுவட்டாரத்தில் ஒரு பம்ப் கிடையாது.

நடுவில் ஒரு இரும்புக் குழாய். நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கப் போட்டது. உள்ளே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். மூடியைத் திறந்து அளவு டேப்பை இறக்கினார். நுனி தண்ணீரைத் தொட்டால் 'பீப்' என்று கத்தும். போன வருஷம் இருபத்திரண்டு மீட்டர். ஐந்து... எட்டு... பதினொன்று... டேப் நின்றது. சத்தம் இல்லை.

ஆட்டிப் பார்த்தார். அப்போது... கீழேயிருந்து... டேப் இழுபட்டது. ஒரு தடவை. சற்றுப் பொறுத்து, இன்னொரு தடவை.

பம்ப் இரைச்சலில் பேச்சு கேட்காது. குழிக்குள் கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் 'நிறுத்து'. இரண்டு என்றால் 'மேலே தூக்கு'. இதைப் பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே தங்கை புருஷன்தான், ஒரு நாள் சாப்பிட்டுக் கை துடைத்த துண்டின் முனையை இழுத்துக் காட்டி.

தூக்கினார். கனமாக வந்தது... ஒரு ஆளை இழுக்கிற கனம். பாதியில் சட்டென்று லேசானது. டேப்பின் நுனியில் ஒரு பித்தளை டோக்கன், ஈரமாக, சூடாக. நாற்பத்தேழு. முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

அதைக் கொண்டுபோய்த் தங்கையிடம் நீட்டியிருக்கலாம். அவளுடைய மூன்று வருஷக் கேள்விக்குப் பதில் அது. பெரியப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு முடிச்சை அவிழ்த்து, டோக்கனைக் குழாய்க்குள்ளேயே போட்டார். காது கொடுத்துக் கேட்டார்... விழுந்த சத்தமே வரவில்லை. கீழே யாரோ கையில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஜீப்புக்கு வந்தார். 'நீர்மட்டம் இருபத்திரண்டு மீட்டர். கன்றுகள் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?"

"இல்லம்மா."

அடுத்த வருஷம் பெரியப்பா படுத்த படுக்கையானார். போவதற்கு முந்தின நாள் வெல்டரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினார். "அத்தைகிட்ட நீயாவது சொல்லிடுடா" என்றார். வெல்டர் தலையாட்டினான்.

சவப்பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். நாலு மூலைக்கு நாலு பேர், நாலு கயிறு. தலைமாட்டில் வெல்டர். பெட்டி அடியைத் தொட்டது. கயிற்றை உருவப் போனபோது... இழுபட்டது. ஒரு தடவை. சற்றுப் பொறுத்து... இன்னொரு தடவை.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் மண்ணைத் தள்ளியது வெல்டர்தான்.

அன்று சாயங்காலம் அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மாமாவைப் பத்தி அண்ணன் கடைசியா ஏதாவது சொன்னாராடா?"

"இல்ல அத்தை."

அந்த வீட்டில் இன்றைக்கும் தாழ்ப்பாள் போடுவதில்லை. அதோ பாருங்கள்... கதை முடிந்துவிட்டது, வெல்டர் இன்னும் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை.