ரத்தத்துக்கு ரோஜா வாசனை கிடையாது

ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் பாதியில் விட எனக்கு மனசு வராது. பிடிக்காவிட்டாலும் கடைசிப் பக்கம் வரை போவேன். பின்னட்டையில் எழுதியவர் கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். ஆகவே ‘உன் கழுத்தில் ஒரு நிலவு’ நாவலின் மூன்று பாகங்களையும் நான் முழுசாகப் படித்தவள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். படிக்காமலே திட்டுகிற ஆள் இல்லை நான்.

நீங்கள் மேசை மேல் வைத்திருப்பது என் தங்கையின் பிரதி. ஓரங்களில் உள்ள இதயக் குறிகள் அவள் போட்டவை. சிவப்பு மையில் உள்ள கேள்விக்குறிகள் நான் போட்டவை.

ஒரு மருத்துவமனை லேபில் இருபத்தொரு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். நாளைக்கு அறுபது கை, எழுபது கை. ரத்தக் காட்டேரிக் கதை என்றதும் எனக்கு ஆர்வம் வந்தது உண்மைதான். நம் தொழில் சம்பந்தப்பட்ட ஆள் அல்லவா. மதிய இடைவேளையில், சாம்பிள் சுற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். முப்பதாவது பக்கத்திலேயே எரிச்சல் வந்துவிட்டது. கதாநாயகியின் ரத்தத்துக்கு ரோஜா வாசனையாம். மூன்று தெரு தள்ளி நிற்கிற அவனுக்கு அது தெரிந்துவிடுகிறதாம். ரத்தத்துக்கு ரோஜா வாசனை கிடையாது மேடம். ரொம்ப நாள் மூடிக் கிடந்த இரும்புக் குழாயைத் திறந்தால் முதலில் வருகிற தண்ணீரின் வாசனைதான் அதற்கு. அவன் கடித்த இடத்தில் இரண்டே இரண்டு துளி முத்துப்போல நிற்கிறதாம். அந்த இடத்தில் நிஜமாகக் கடித்தால் படுக்கை, சுவர், தரை எல்லாம் கழுவ வேண்டியிருக்கும். எழுதிய அம்மாள் ஒரு நாள் லேபுக்கு வந்து கேட்டிருக்கலாம். நானே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

அவனுக்கு வயது இருநூற்று நாற்பது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அப்படியானால் எத்தனை அரியர் வைத்திருப்பான் என்று ஓரத்தில் எழுதினேன். தங்கை அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் அவளிடம் உண்மையைச் சொல்கிறான். நான் ஆபத்தானவன், என் ரத்தம் சபிக்கப்பட்டது, என்னை விட்டுப் போய்விடு என்கிறான். புத்தியுள்ள பெண் என்ன செய்வாள்? செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவாள். இவள் அழுதுகொண்டே அவனைக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாம் பாகத்தில் தன் உள்ளங்கையைக் கீறி அவன் ரத்தத்தோடு சேர்த்து, இனி உன் சாபம் எனக்கும்தான் என்கிறாள். பயத்தை வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அந்த அம்மாள் காதலை வைத்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைப் பதினைந்து வயதுப் பெண்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பதிப்பகத்துக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். ‘தங்கள் அன்புக்கு நன்றி’ என்று ஓர் அட்டை வந்தது, கூடவே பக்கத்துக்கு அடையாளம் வைக்க ஒரு பட்டு நாடா. அந்த நாடாவைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினேன். நான் கோபக்காரி என்று என் மேலதிகாரி உங்களிடம் சொல்லியிருப்பார். அன்று மட்டும் அது உண்மை.

தங்கை அம்மாவுக்குக் கடைசியில் பிறந்தவள். எனக்கும் அவளுக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம். அவளுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே. அவளைக் குளிப்பாட்டி, பள்ளியில் சேர்த்து, காய்ச்சலில் நெற்றித்துணி மாற்றி, கண்ணும் கருத்துமாக வளர்த்தவள் நான். எனக்கு வந்த வரன்களை நான்தான் வேண்டாம் என்றேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் குறை சொல்லவில்லை.

போன வருடம் எனக்குக் கிட்டத்து எழுத்து மங்கியது. கண்ணாடிக் கடைக்குப் போனேன், துணைக்கு அவளும் வந்தாள். அங்கே லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற ஆள்தான் இந்தக் கண்ணாடிக்காரர். இருபத்தாறு வயது. என் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை மூன்று முறை அளந்தார். லென்ஸ் விளிம்பு கிழித்து, விரல் முழுக்கப் பிளாஸ்டர். அடுத்த மாதமே தங்கைக்கு வாரத்துக்கு ஒரு முறை கண்ணாடித் திருகு தளர ஆரம்பித்தது. அவள் போட்டிருந்தது வெறும் வெயில் கண்ணாடி.

அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குடிக்க மாட்டார், கத்த மாட்டார், எங்கள் வீட்டுக்கு வந்தால் காலணியை ஜோடியாகத் திருப்பி வைப்பார். அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடையின் புதிய கிளை வேறு ஊரில் திறக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், கல்யாணம் செய்து அவளையும் கூட்டிப் போகிறேன் என்றார். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்.

“அவனை உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?” என்று தங்கையிடம் கேட்டேன்.

“எட்டு மாசமாக்கா. ரொம்ப நல்லவர்.”

“நல்லவன்னு எப்படிச் சொல்ற?”

“போங்கன்னு சொன்னா போயிடுவார்க்கா. ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டேன். மூணு வாரம் கடைப்பக்கம்கூட நிக்கல. நான்தான் மறுபடி கூப்பிட்டேன்.”

இதை அவள் சொல்லும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் எங்கும் போக வேண்டியவள் இல்லை மேடம். வெளியே என்னென்ன இருக்கிறது என்று தினமும் அறுபது கையில் பார்க்கிறவள் நான்.

சண்டை போடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நான் கேட்பது அது ஒன்றுதான் என்றேன். நியாயமான அக்காவாகத்தான் நடந்துகொண்டேன். இருவரும் சந்தோஷமாக வந்து கையை நீட்டினார்கள்.

எங்கள் லேபில் ஒரு விதி உண்டு. டியூபில் பெயரை நோயாளியின் எதிரிலேயே எழுதி ஒட்ட வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று ஒரே ஒரு முறை மீறினேன். காலையில் ஒரு லாரி ஓட்டுநர் வந்திருந்தார், கல்லீரலை மெல்ல அரிக்கிற கிருமி ரத்தத்தில் இருப்பவர். அவரிடம் ஒரு டியூப் கூடுதலாக எடுத்து, அதில் கண்ணாடிக்காரரின் பெயரை ஒட்டினேன். ஓட்டுநருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை, அவருடைய ரிப்போர்ட் சரியாகவே போனது. கண்ணாடிக்காரரின் சொந்த ரத்தத்தைக் கழிவுத் தொட்டியில் போட்டேன்.

புத்தகத்தில் என்ன இருந்தாலும், நோயின் பெயரை அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்தால் கதை கலைந்துவிடும் என்று நினைத்தேன். இருபது வயதுப் பெண். படித்தவள். பயந்துவிடுவாள் என்று நம்பினேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றே அவர் என்னைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, நீங்கதான் அவளுக்கு எடுத்துச் சொல்லணும். என்கிட்ட வராதேன்னு சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறா.”

கவனியுங்கள் மேடம். அதே வசனம். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு நாவலும் படித்ததில்லை, பயந்துபோய் நல்ல எண்ணத்தில் சொன்னார். என் தங்கையின் காதில் அது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமாக விழுந்தது. அதுவரை அவர் திருகு முடுக்குகிற சாதாரண ஆள். அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு அவர் கதாநாயகன் ஆகிவிட்டார். அந்த அம்மாளை அன்று என் முன்னால் நிறுத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போகும்போது கண்ணாடிக்காரர் திரும்பி, “எதுக்கும் வேற ஒரு லேப்ல பாத்துடலாமாக்கா?” என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இருபத்தொரு வருடத்தில் என் கையால் போன ரிப்போர்ட் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. “பாருங்க தம்பி. ஆனா உடனே பாத்தா சரியாத் தெரியாது, ரெண்டு மாசம் போகட்டும். அதுவரைக்கும் கல்லீரலுக்குப் பாதுகாப்பா ஒரு ஊசி போட்டுடறேன்” என்றேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “வலிக்கவே இல்லக்கா, நன்றி” என்றார். என் கை லேசு என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஆறாவது வாரம், ஒரு சாயங்காலம். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கண்ணாடிக்காரர் வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கடையில் லென்ஸ் விளிம்பு அவர் விரலைக் கிழித்திருக்கிறது. துடைக்கத் துணி எடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற என் தங்கை அதே லென்ஸால் தன் உள்ளங்கையைக் கீறி அவர் விரலைப் பிடித்து அதில் அழுத்திக்கொண்டாளாம். கையை உருவுவதற்குள் முடிந்துவிட்டது என்றார். அவள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் கைக்குட்டை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்க்கா. இனிமே அவர் என்னைப் போகச் சொல்ல முடியாது. நீயும் என்னை இருக்கச் சொல்ல முடியாது.”

மூன்றாம் பாகம், வரிக்கு வரி. நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் இதைத்தான் எச்சரித்திருந்தேன். எவளாவது ஒருத்தி இப்படிச் செய்யப்போகிறாள் என்று எழுதியிருந்தேன். பதிலுக்கு நாடா அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் முடிந்ததும் அவர் வேறு லேபில் பரிசோதித்தார். அங்கேயும் கிருமி இருந்தது. என் ரிப்போர்ட் சரியாகிவிட்டது. ஆனால் நான் ஒரு சின்ன விஷயத்தைக் கோட்டைவிட்டிருந்தேன். எங்கள் ரிப்போர்ட்டில் ரத்த வகையும் அச்சாகும். ஓட்டுநரின் டியூபில் பார்த்ததால் அதில் ஓட்டுநரின் வகை வந்திருந்தது. மற்ற லேபின் தாளில் கண்ணாடிக்காரரின் சொந்த வகை. எண்களோடு வேலை செய்கிற ஆள், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். நோய் வரும், போகும். ரத்த வகை மாறாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு என் மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரி குளிர்பெட்டியில் இருந்த பழைய சாம்பிள்களைத் திரும்பப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் பெயர் ஒட்டிய டியூபில் இருப்பது ஓட்டுநரின் ரத்தம் என்று தெரிந்துவிட்டது. என் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் இது, அதில் போய் மாட்டினேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் ரிப்போர்ட் பொய் என்றால் இரண்டாவது எப்படி உண்மையானது, அந்த ஊசியில் என்ன இருந்தது என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அந்த ஓட்டுநரின் ரத்தம் இருந்தது. கூடுதலாக எடுத்த டியூபில் மிச்சம் இருந்ததில் கொஞ்சத்தை அவருக்குப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பொய்யோடு நிறுத்தியிருந்தால் தங்கை கையைக் கீறியும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்கிறீர்கள். கணக்குப்படி அது சரிதான். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் அவள் கையைக் கீறுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லையே. சொல்லிக் கொடுத்தவர் இன்னமும் கன்னத்தில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், நாலாம் பாகம் வரப்போகிறதாம். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க உங்களுக்குத் தோன்றவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

தங்கையின் ரிப்போர்ட் போன வாரம், நான் மாட்டுவதற்கு முன்பே வந்தது. நானே சோதித்தேன். சோதனைப் பட்டையில் நோய் உண்டு என்கிற இரண்டாவது கோடு எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேருக்குப் பார்த்த கோடுதான். அன்று உட்கார நாற்காலி தேட வேண்டியிருந்தது. மருந்து இருக்கிறது, நீண்ட வைத்தியம், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். ஒன்பது மணி நேரம் தள்ளியிருக்கும் ஊருக்கெல்லாம் போக முடியாது. வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டீர்களாம். என்னைப் பார்க்க வர மாட்டேன் என்கிறாளாம், கண்ணாடிக்காரர் வீட்டார் கூட்டிப் போய் வைத்திருக்கிறார்களாம். கோபம் தணிந்தால் வருவாள். எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள் மேடம். அவளிடம் ரத்தம் எடுக்க வேறு யாரையும் அனுப்பாதீர்கள், என்னை அழைத்துப் போங்கள், விலங்கோடு வேண்டுமானாலும் வருகிறேன். கையை இழுத்துக்கொள்வாள், அழுவாள், வேண்டாம்க்கா என்பாள். அதை நீங்கள் கண்டுகொள்ளக் கூடாது. தோளை ஒருவர் அழுத்திப் பிடித்தால் போதும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று வயதிலிருந்து மாதம் தவறாமல் அப்படித்தான் எடுத்துவருகிறேன், அவளுக்கு ஒரு நோயும் இல்லாதபோதிலிருந்தே.