நாங்குநேரிக்குப் போகும் குக்கர்

என் பெயர் ஷர்மிளா. வயது 29. தகப்பனார் பெயர் மாசானம். பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்து, செம்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்து வருகிறேன். கோபம் வந்தால் எனக்கு மராத்தி வராது என்பதால் காவலர் சுடலைக்கண்ணன் நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்கிறார்.

நாளைக் காலை நான் சைக்கிளில் நாங்குநேரிக்குப் புறப்பட வேண்டியவள். இதற்காகவே ஒரு வருட லீவைச் சேர்த்து வைத்தேன். எடை குறைந்தால்தான் மலைப்பாதை ஏற முடியும் என்பதால் எல்லாச் சாமானையும் சமையலறைத் தராசில் நிறுத்து, துண்டைப் பாதியாகக் கிழித்து, டூத் பிரஷ்ஷின் காம்பையும் அறுத்துவிட்டேன். அதன் பிறகு தாராவியில் தோல் பை தைக்கும் ஜெயினுலாப்தீன் மாமாவிடம், தோல் கனக்கும் என்று சொல்லி, கேரியரின் இரு பக்கமும் தொங்கும்படி தார்ப்பாய்த் துணியில் பைகள் தைக்கச் சொன்னேன். தோலைக் குறை சொன்னதில் அவருக்கு வருத்தம்.

அதன் பிறகு நான் ஊருக்குப் போகும் செய்தி சந்து முழுக்கப் பரவியது. எங்கள் கேம்பில் ஊருக்குப் போகிறவர் கையில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தனுப்புவது வழக்கம். ரயிலா சைக்கிளா என்றெல்லாம் பார்ப்பதில்லை. மற்றவர்களைச் சமாளித்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூமாரி அத்தை, நாங்குநேரியில் கட்டிக்கொடுத்த மகளுக்கென்று ஐந்து லிட்டர் குக்கரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மறுத்தால் என் கல்யாணப் பேச்சு வரை இழுப்பார் என்பதால் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு, அடுத்த வாரம் ரயிலில் ஊருக்குப் போகும் ஜெயினுலாப்தீன் மாமாவிடம் அதை ரகசியமாகக் கொடுத்து, அத்தை மகளிடம் சேர்த்துவிடச் சொன்னேன். இன்று மதியம் அத்தை, மாற்று வாஷர் கொடுக்க மறந்துவிட்டதால், என் பையிலேயே போட்டுவிடலாம் என்று மாமாவின் பட்டறைக்கே அதைக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே அத்தையின் குக்கர் அடுப்பில் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் குக்கரை விற்றுவிட்டதாக அத்தை புகார் கொடுத்தார். என் சைக்கிளைக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். தைத்த பைகளோடு மாமாவையும் வரவழைத்தார்கள். "ஓட்டக் குக்கரக் கொண்டு போனா என் மானம்லா போவும் மதினி, அதான் பருப்பு வச்சுப் பாத்தேன்" என்று அவர் சொன்னார். பருப்பு நன்றாக வெந்தது என்றும் சேர்த்துச் சொன்னது தேவையில்லாதது.

அதன் பிறகு நான், மாமா ரயிலில் கொண்டுபோனால் என்ன குறைந்துவிடும் என்று அத்தையிடம் சண்டைக்குப் போனேன்.

"ரயில்ல அனுப்ப எனக்குத் தெரியாதாட்டி? எம்மவ பிள்ள பெத்துக் கெடக்கா. பொறந்த வீட்டு ஆளு ஒண்ணும் எட்டிப் பாக்கலன்னு மாமியா குத்திக் காட்டுதா. நீ பம்பாய்லருந்து மிதிச்சே போய் வாசல்ல நின்னேன்னா அவ வாய் அடைச்சிரும்லா" என்றார்.

கேம்பில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றபோது, நான் போய்ச் சேருவேன் என்று நம்பியவர் இவர் ஒருவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு மழைச்சட்டையையும் மாற்று டியூபையும் குக்கருக்குள் வைத்து மூடிப் பைக்குள் இறக்கினேன். பை மூடவில்லை. மாமா பெஞ்சில் உட்கார்ந்து அதன் வாயை அகலப்படுத்தித் தைத்தார். வழியில் அதில் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் அத்தை புகாரைத் திரும்பப் பெற்றார், சைக்கிளையும் அவிழ்த்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருந்தது. கையெழுத்துப் போடும் முன் காவலர் சுடலைக்கண்ணன், வழியில் மூன்றடைப்பில் தன் அக்கா வீடு இருப்பதாகச் சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தார். அதை வாக்குமூலத்தில் எழுத வேண்டாம் என்றார். எழுதினால்தான் எடுத்துப்போவேன் என்றேன். எழுதிவிட்டார்.

(ஒப்பம்)
மா. ஷர்மிளா