வெயிலில் மறக்கும் பலகை

மயிலாப்பூர் குளத்தருகே நான் ஏறிய தி.நகர் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். விளக்கு எழுத்து ஓடும் பலகை செய்கிறவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“வெயில் பட்டா மறந்துடும்டா,” என்றான் கண்ணாடி போட்டவன். “எழுத்தை எப்படி ஓட்டணும்ங்கிற புரோகிராம் மொத்தமும் அந்த சிப்புலதான் கீது. அது தலைல கீற சின்ன ஜன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மூடணும். நீ ஒட்டலை.”

“ஸ்டிக்கர் தீந்துடுச்சு மச்சி. அப்புறமா ஒட்டிக்கலாம்னு...”

“அப்புறமாவா! தி.நகர் புடவைக் கடை போர்டு இப்ப கன்னாபின்னான்னு ஓடுது. நம்ம முதலாளி கடை வாசல்லயே நின்னுக்கினு கீறாரு.”

மற்றவன் வெளியே அடிக்கும் வெயிலைப் பார்த்தான். பிறகு, “அடையாறு ஆஸ்பத்திரி போர்டுக்கும் ஒட்டலைடா,” என்றான்.

“இன்னாது?”

“மேற்கு ஜன்னல்ல மாட்னோம். சாயங்கால வெயில் நேரா அது முதுகுல விழும்.”

“டேய், அதுல டோக்கன் நம்பர் ஓடுது. நம்பர் மாறினா ஒருத்தர் ஊசி இன்னொருத்தருக்குப் போயிடும்டா!”

“அப்ப முதல்ல அங்க போலாம்.”

“முதலாளி வேலையை விட்டே தூக்கிடுவாரு.”

“தூக்கட்டும். நான்தான் ஒட்டலைன்னு சொல்லிடு.”

ஆழ்வார்பேட்டை சிக்னலில் இருவரும் குதித்து, எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு ஓடினார்கள். ஜன்னல் வழியே விழுந்த வெயில் என் மடியைச் சுட்டது. ‘தாயே, இன்றைக்கு மட்டும் கொஞ்சம் மேகம் போடு’ என்று வேண்டிக்கொண்டேன்.